கட்டிலருகே ஒரு சோதனை. அதைச் சோதிப்பது யார்?

பாம்பு கடித்துவிட்டது என்று ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், அங்கே நடக்கும் முதல் சில பரிசோதனைகளில் ஒன்றுக்கு மின்சாரம்கூட வேண்டியதில்லை. கையில் ஊசி குத்தி 2 மில்லிலிட்டர் ரத்தம் எடுப்பார்கள். சிறிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் அதை விட்டு, யாரும் தொடாத இடத்தில் நிறுத்திவைப்பார்கள். 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டிப்போய் நின்றால் அப்போதைக்குப் பயமில்லை. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் கண்ணாடி விரியன் என்றும் இலங்கையில் புடையன் என்றும் சொல்லப்படும் பாம்பின் விஷம் ஒரு வேடிக்கையான வழியில் ரத்தத்தைக் கெடுக்கிறது. ரத்தம் உறைவதை அது தடுப்பதில்லை, தூண்டிவிடுகிறது. உறைதல் காரணிகளில் ஐந்தாவதையும் பத்தாவதையும் அது முடுக்கிவிட, ஃபைப்ரினோஜென் என்ற புரதம் ரத்தக் குழாய்களுக்குள்ளேயே வீணாகச் செலவழிகிறது. பிறகு ஈறிலோ சிறுநீரகத்திலோ மூளையிலோ உண்மையாகவே கசிவு ஏற்படும்போது, அடைப்பதற்குச் சரக்கு இருக்காது. குழாயைச் சாய்க்கும் மருத்துவர் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டதா என்றுதான் பார்க்கிறார். 1970-களில் நைஜீரியாவில் சுருட்டை விரியன் இனப் பாம்புகளின் கடியை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் டேவிட் வாரெல், இந்த எளிய சோதனையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ஆய்வகம் இல்லாத ஊர்களுக்கு இதைவிட மலிவான கருவி இன்றுவரை வரவில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவ்வளவு உயிர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் தீர்ப்புச் சொல்கிறது என்றால், அந்தக் குழாயின் தீர்ப்பு எத்தனை தடவை சரி, எத்தனை தடவை தப்பு என்று யாராவது கணக்குப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

பார்த்தார்கள், இலங்கையில். 2013-ல் வெளியான ஆய்வு அது. கண்ணாடி விரியன் கடித்து, ரத்த உறைவு கெட்டுப்போனது ஆய்வகத்தில் உறுதியான 140 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்தபோது செய்த 20 நிமிடச் சோதனை அவர்களில் 56 பேரை மட்டுமே பிடித்திருந்தது. 40 சதவீதம். மற்ற 84 பேர் விஷயத்தில் குழாய், ரத்தம் நன்றாகத்தான் உறைகிறது என்று சொல்லியிருந்தது. உறைவு கெடாத 32 பேர் விஷயத்தில் அது ஒரு தடவைகூடத் தவறவில்லை என்பது வேறு கதை. நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வது, விஷமேறியவரைக் கோட்டை விடுவதற்கு ஈடாகாது.

2017-ல் அதே தீவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. சோதனையும் அதேதான், பாம்பும் அதேதான். ஆனால் இம்முறை பயிற்சி பெற்ற ஆய்வு உதவியாளர்கள், வரையறுத்த ஒரே முறைப்படி, கடிகாரத்தைப் பார்த்துச் செய்தார்கள். கெட்டுப்போன ரத்தத்தைப் பிடித்த அளவு 82 சதவீதமாக ஏறியது.

இரண்டு ஆய்வுகளிலும் நோயாளிகள் வேறு, கடிபட்ட நேரமும் விஷத்தின் அளவும் வேறு. ஆகவே 40-க்கும் 82-க்கும் இடையிலுள்ள தூரம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. என்றாலும் ரத்தத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் அந்தக் குழாயில் அளக்கப்படுகிறது என்பதை மறுக்க முடியாது. சோதனை செய்யும் கை, குழாயின் சுவர், 20 நிமிடத்தின் நீளம், பாதி உறைந்ததை உறைந்தது என்று ஏற்றுக்கொள்ளும் கண் எல்லாமே முடிவில் கலந்துவிடுகின்றன. இந்த அத்தியாயம் பேசப்போவது இவற்றைப் பற்றித்தான்.

முதலில் குழாயின் சுவர். 1950-களின் நடுவில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜான் ஹேக்மன் என்ற ரயில்வே ஊழியரை ஓர் அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்தார்கள். வழக்கப்படி அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்த்தபோது உறைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆனால் அந்த மனிதருக்கு வாழ்நாளில் ரத்தக்கசிவுத் தொல்லை இருந்ததே இல்லை. காயம் பட்டால் எல்லோரையும் போலவே அவருக்கும் ரத்தம் நின்றது. ஆஸ்கர் ராட்னாஃப் என்ற மருத்துவர் இந்தப் புதிரைத் துருவியபோது, கண்ணாடியைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு புரதம் ஹேக்மனின் ரத்தத்தில் இல்லை என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் பன்னிரண்டாம் காரணி. ஹேக்மன் காரணி என்றும் சொல்வார்கள். 1968-ல் ஹேக்மன் இறந்ததோ, நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்து. குழாயில் உறையாத ரத்தம் உடம்புக்குள் உறைந்து ஆளைக் கொன்றது.

ஆக, 20 நிமிடச் சோதனையில் கண்ணாடி வெறும் பாத்திரமாக இருப்பதில்லை. உறைதலைத் தொடங்கிவைக்கும் ரசாயனமே அதுதான். சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள எதிர்மின்னேற்றம் பன்னிரண்டாம் காரணியைத் தட்டி எழுப்புகிறது. பிளாஸ்டிக்குக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. கண்ணாடியையே சோப்புத்தூளில் கழுவிக் காயவைத்தாலும் மேலே படியும் மெல்லிய படலம் அந்தத் திறமையை மழுங்கடித்துவிடும். அப்படிப்பட்ட குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் 20 நிமிடத்தில் உறையாமல் போகலாம். சாதாரணத் தண்ணீர்ப்பாம்பு கடித்தவருக்கும் விஷமுறிவு மருந்து ஏறும். குதிரையின் உடம்பில் தயாராகும் அந்த மருந்து கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரக்கூடியது என்பதால் இது சின்ன விஷயமில்லை. மருத்துவமனைகளில் ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்குக்கு மாறிவரும் காலத்தில், அவசரப் பிரிவின் அலமாரியில் நாலு கண்ணாடிக் குழாயைப் பத்திரப்படுத்தி வைப்பதே ஒரு தர நடவடிக்கை.

தென்கிழக்கு ஆசியாவுக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியில் இதெல்லாம் அக்கறையாக எழுதப்பட்டிருக்கிறது. குழாய் புதிதாக இருக்க வேண்டும், அல்லது வெப்பத்தால் சுத்தம் செய்ததாக இருக்க வேண்டும். உலர்ந்திருக்க வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. முடிவில் சந்தேகம் வந்தால், நோயாளியோடு வந்த ஆரோக்கியமான உறவினர் ஒருவரிடம் ரத்தம் எடுத்து, அதே மாதிரிக் குழாயில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தம்பியின் ரத்தம் உறைந்து அண்ணனுடையது ஓடினால் விஷம்தான். இரண்டுமே ஓடினால் குழாயை மாற்ற வேண்டும்.

பெரிய ஆய்வகங்களில் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யும் தரக் கட்டுப்பாட்டின் மொத்தத் தத்துவமும் இந்த உறவினரின் 2 மில்லிலிட்டர் ரத்தத்தில் அடங்கியிருக்கிறது. விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியை, விடை தெரியாத மாதிரியோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. எந்த வார்டிலும் செய்ய முடிந்த, செலவே இல்லாத காரியம். இருந்தும் பல இடங்களில் இது செய்யப்படுவதே இல்லை. அவசரப் பிரிவில் ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான். ஆனால் கூட வந்தவர்கள் எப்போதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

சோதனையைச் சோதிக்கும் பழக்கம் மருத்துவத்துக்கே சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. 1947-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்க், சண்டர்மன் என்ற இருவர், ஒரே திரவத்தைப் பங்கிட்டு 59 மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். அதிலிருக்கும் சர்க்கரை, உப்பு முதலியவற்றை அளந்து சொல்லுங்கள் என்றார்கள். திரும்பி வந்த எண்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகி நின்றன. அதுவரை ஒவ்வோர் ஆய்வகமும் தன் எண்தான் சரி என்று நிம்மதியாக இருந்தது. இன்று வெளித் தர மதிப்பீடு என்று அழைக்கப்படும் ஏற்பாட்டின் பிள்ளையார் சுழி அதுதான். மூன்று ஆண்டு கழித்து, தொழிற்சாலைகளில் பயன்பட்ட கட்டுப்பாட்டு வரைபடத்தை லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் மருத்துவ ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார்கள். நாள்தோறும் ஒரே கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டி, வந்த எண்ணைப் புள்ளியாக வைப்பது. புள்ளிகள் நடுக்கோட்டைச் சுற்றி ஆடினால் சரி. ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்தால் நோயாளியின் முடிவை வெளியிடக் கூடாது.

ரத்த உறைவுப் பரிசோதனைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு மற்றவற்றைவிடக் கூடுதலாகவே தேவைப்பட்டது. சர்க்கரை ஒரு பொருள், அதை அளந்துவிடலாம். உறைதல் ஒரு நிகழ்ச்சி. அதை யார் தொடங்கிவைக்கிறார்கள், எதைக்கொண்டு தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது எடுத்துக்கொள்ளும் நேரமே மாறிவிடும்.

1935-ல் ஆர்மண்ட் குவிக் உருவாக்கிய புரோத்ராம்பின் நேரம் என்ற பரிசோதனையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ரத்தத்தின் பிளாஸ்மாவில் திராம்போபிளாஸ்டின் என்ற திசுச்சாற்றையும் கால்சியத்தையும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பது. அந்தத் திசுச்சாறு முயலின் மூளையிலிருந்து வந்தது, மனித மூளையிலிருந்தும் வந்தது, வேறு திசுக்களிலிருந்தும் வந்தது. ஒவ்வொன்றின் வீரியமும் வேறு. அதனால் ஒரே நோயாளியின் ரத்தம் மான்செஸ்டரில் ஒரு எண்ணும் நியூயார்க்கில் இன்னொரு எண்ணும் காட்டியது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1948-ல் எலிமருந்தாகக் கடைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து அது. அளவு குறைந்தால் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரும். கூடினால் எலிக்கு என்ன ஆகுமோ அதுதான் மனிதருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வழி சொன்னது. ஒவ்வொரு திசுச்சாற்றையும் ஒரு சர்வதேச மூல மாதிரியோடு ஒப்பிட்டு, அதற்கு ஓர் உணர்திறன் குறியீடு கொடுப்பது. நோயாளியின் நேரத்தை நலமானவர்களின் சராசரி நேரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை அந்தக் குறியீட்டின் அடுக்காக உயர்த்துவது. வருவதுதான் ஐ.என்.ஆர். வால்வு மாற்றிய நோயாளிகள் மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சொல்லும் அந்த எண். பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். செயற்கை உலோக மைட்ரல் வால்வு என்றால் இன்னும் அரைப்புள்ளி மேலே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் குறியீட்டின் பலம் விளங்கும். நோயாளியின் ரத்தம் 24 நொடியில் உறைகிறது, நலமானவர்களின் சராசரி 12 நொடி. விகிதம் 2. குறியீடு 1 என்றால் ஐ.என்.ஆர். 2. எல்லாம் சரி, அதே மாத்திரை தொடரலாம். குறியீடு 2 என்றால் ஐ.என்.ஆர். 4. மாத்திரையைக் குறைக்க வேண்டும். நொடியை அளந்ததில் தவறே இல்லை. கணினியில் குறியீட்டைத் தப்பாகத் தட்டினால் போதும், நோயாளியின் விதி மாறிவிடும்.

இது கற்பனை இல்லை. 2001-ல் பிலடெல்பியாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகம் புதிய திசுச்சாற்றுக்கு மாறியபோது அதற்குரிய குறியீட்டைச் சரியாக மாற்றவில்லை. ஏறக்குறைய ஏழு வாரம் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் தவறான எண்கள் போயின. உண்மையைவிடக் குறைவாகக் காட்டிய எண்களை நம்பி மருத்துவர்கள் வார்ஃபரினைக் கூட்டினார்கள். உயிரிழப்புகள் நேர்ந்தன. 1947-ல் முதல் ஒப்பீட்டுச் சோதனை நடந்த அதே பென்சில்வேனியா மாநிலம். அந்தச் சோதனையை நடத்திய சண்டர்மன் அப்போதும் உயிரோடு இருந்தார், நூறு வயதைத் தாண்டி.

இந்த ஐ.என்.ஆர். எண்தான் இப்போது ஆய்வகத்தை விட்டு வெளியேறி, உள்ளங்கை அளவு கருவிக்குள் வந்திருக்கிறது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பின் முனையில் வைத்தால் ஒரு நிமிடத்தில் விடை. கிளினிக்கில் இருக்கிறது, அவசரப் பிரிவில் இருக்கிறது, வசதியுள்ளவர்கள் வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் ஆய்வகத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற டெக்னீஷியன், தினசரி ஓட்டும் கட்டுப்பாட்டு மாதிரி, புள்ளி வைக்கும் வரைபடம் என்று ஆய்வகத்துக்குள் அரை நூற்றாண்டாக எழுப்பிய வேலி இந்தப் பயணத்தில் கூட வரவில்லை. எண் மட்டும் வந்திருக்கிறது.

ஸ்ட்ரிப்பின் முனையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் ஒரு வகைக் கருவிக்கு வேண்டியது 8 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. குத்திய 15 நொடிக்குள் முதல் சொட்டை வைத்துவிட வேண்டும். குளிர்ந்த விரலில் ரத்தம் வராமல் பிசைந்து பிதுக்கினால், திசுவிலிருக்கும் உறைவுத் தூண்டி சொட்டோடு கலந்து நேரத்தைக் குறைத்துவிடும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 25 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்த எண் செல்லுபடியாகும். கடும் ரத்தசோகை உள்ளவருக்குக் கருவி விடையைச் சொல்லும், ஆனால் அந்த விடைக்கு உத்தரவாதம் கிடையாது. ஸ்ட்ரிப் டப்பாவை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். வேலூரிலோ மதுரையிலோ மே மாத மதியம் பூட்டிய கிளினிக் அறைக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

தயாரிப்பாளர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போன ஸ்ட்ரிப்பைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரிப்பிலேயே ஒரு சோதனையை வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போனால் கருவி எண் காட்டாது, பிழைச் செய்தி காட்டும். இன்னும் சில கருவிகளுக்கு ரத்தமே இல்லாத மின்னணுக் கட்டுப்பாட்டுக் கட்டை ஒன்று தருவார்கள். அதைச் செருகினால் 'சரி' என்று வரும். இந்த 'சரி'யை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. அந்தக் கட்டை சொல்வது கருவியின் மின்சுற்று ஒழுங்காக இருக்கிறது என்பதை மட்டுமே. ஸ்ட்ரிப் வெந்துபோயிருக்கிறதா, செவிலியர் விரலைப் பிதுக்கினாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே அதைத் தாண்டி, விடை தெரிந்த திரவ மாதிரியை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. குறைந்தபட்சம் புது டப்பா பிரிக்கும்போது, வேறு லாட் ஸ்ட்ரிப் வரும்போது, கருவி கீழே விழுந்து எழும்போது.

எவ்வளவு பிழையை மன்னிக்கலாம்? 2007-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 17593 தரநிலை, ஐ.என்.ஆர். 2 முதல் 4.5 வரையிலான பகுதியில், நூற்றுக்குத் தொண்ணூறு முடிவுகள் ஆய்வக எண்ணிலிருந்து 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையான எண் 3 என்று வைத்துக்கொண்டால், கருவி 2.1 என்று காட்டினாலும் பாஸ், 3.9 என்று காட்டினாலும் பாஸ். முதல் எண்ணுக்கு ஒரு மருத்துவர் அப்படியே தொடரச் சொல்வார், இரண்டாவதற்கு ஒரு வேளை மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடும். தாராளமான பரீட்சைதான்.

பரீட்சையில் பாஸான கருவிகளும் பிறகு சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் ஐ.என்.ரேஷியோ என்ற கருவி சில நோயாளிகளுக்கு உண்மையைவிட வெகுவாகக் குறைந்த எண் காட்டுவது தெரிந்து, 2014-ல் எச்சரிக்கை வந்தது. ரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஃபைப்ரினோஜென் மிகுந்தவர்களுக்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்றார்கள். 2016-ல் அந்தக் கருவியே சந்தையிலிருந்து விலகியது. அதற்குள் அது இன்னொரு பெரிய காரியத்துக்குப் பயன்பட்டிருந்தது. ரிவரொக்ஸபான் என்ற புதிய மருந்தை வார்ஃபரினோடு ஒப்பிட்டு 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், வார்ஃபரின் அளவை நிர்ணயித்தது அந்தக் கருவிதான். குறைவாகக் காட்டும் கருவி வார்ஃபரினைக் கூட்டச் சொல்லும். கூடினால் ரத்தக்கசிவு கூடும். அப்போது புதிய மருந்து பாதுகாப்பானதாகத் தோன்றாதா என்று கேள்வி எழுந்தது. ஆராய்ந்த ஐரோப்பிய மருந்து முகமை, சோதனையின் முடிவு மாறவில்லை என்று 2016-ல் அறிவித்தது. அறிவிப்பு நிம்மதி தந்ததுதான். ஆனால் அந்தக் கேள்வி, சோதனையின் முடிவுகள் கட்டுரையாக அச்சாகிப் பல ஆண்டு கழித்து எழுந்திருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட யோசிக்க வைப்பது 2018-ல் நடந்தது. சர்வதேச மூல மாதிரி ஒரு முறை தயாரித்தால் காலத்துக்கும் வருவதில்லை. இருப்புத் தீரத் தீரப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அப்படி 2016-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட புதிய மாதிரியின் பெயர் ஆர்.டி.எஃப்./16. ரோஷ் நிறுவனம் தன் கோகுசெக் ஸ்ட்ரிப்புகளைப் பழைய மாதிரியிலிருந்து இந்தப் புதியதற்கு மாற்றி அளவு திருத்தியது. விதிப்படி செய்த காரியம். ஆனால் ஐ.என்.ஆர். 4.5-க்கு மேல் போகும் இடங்களில் ஸ்ட்ரிப்புகள் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டத் தொடங்கின. உயர்ந்த எண்ணைப் பார்க்கும் மருத்துவர் மருந்தை நிறுத்துவார். நிறுத்தினால் ரத்தம் கட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 90-ஐ நெருங்கிய புகார்கள் வந்தன. அவற்றில் இரண்டு, பக்கவாதம் வந்த நோயாளிகள். அந்த நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரிப் பொட்டலங்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் பழைய மாதிரிக்கே திரும்பியது.

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை குத்தும் அதிகாரியின் எடைக்கல்லோடு ஒத்துப்போக முயன்றதில் வந்த கோளாறு இது. கடைக்காரர் நேர்மையானவர், தராசும் நல்ல தராசு. இந்தப் பிழையை வீட்டிலிருக்கும் நோயாளி எப்படியும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஸ்ட்ரிப்போடு வரும் கட்டுப்பாட்டுத் திரவமும் கண்டுபிடித்திருக்காது; அதன் 'சரியான விடை'யும் அதே தயாரிப்பாளர் தருவதுதான். ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதே நோயாளியிடம் அதே நேரத்தில் கையிலிருந்து ரத்தம் எடுத்து, வேறு முறையில் இயங்கும் ஆய்வகத்தில் பார்த்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது.

இதய அறுவைசிகிச்சை அரங்கில் நிலைமை இன்னும் சிக்கல். இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, ஏ.சி.டி. என்ற உறைவு நேரத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பார்கள். 480 நொடியைத் தாண்டிய பிறகே இயந்திரத்தை ஓட்டுவது 1970-களிலிருந்து பரவிய வழக்கம். ஐ.என்.ஆருக்கு இருப்பதுபோல இதற்குப் பொதுவான சர்வதேச மூல மாதிரி எதுவும் இல்லை. அதனால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போது ஒரு கம்பெனி கருவியில் 250 முதல் 300 நொடி என்றும், இன்னொன்றில் 300 முதல் 350 என்றும் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் தனித்தனி இலக்கு வகுத்தன. கருவியை மாற்றிவிட்டுச் சுவரில் ஒட்டிய பழைய இலக்குத் தாளை மாற்றாத அரங்கில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். முன்பு, ரத்தக்கசிவைக் குறைக்க அப்ரோடினின் என்ற மருந்து கொடுத்த காலத்தில், சீலைட் தூள் போட்ட குழாய்கள் நேரத்தை நீட்டிக் காட்டின. ஹெப்பாரின் போதும் என்று தோன்றும், உண்மையில் போதாது. கயோலின் களிமண் போட்ட குழாய்க்கு அவ்வளவு கோளாறு இல்லை. மறுபடியும் குழாயின் உள்ளே இருப்பதுதான் தீர்ப்பை எழுதியது.

சில நாடுகள் ஆய்வகத்தின் தரக் கட்டுப்பாட்டு வேலியைக் கட்டிலருகே வரை நீட்டியிருக்கின்றன. நார்வேயில் 1992-ல் தொடங்கிய நோக்ளஸ் அமைப்பு, குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருக்கும் சின்னக் கருவிகளுக்கும் மாதிரி அனுப்பிச் சரிபார்க்கிறது. ஆள் அனுப்பிப் பயிற்சியும் தருகிறது. பிரிட்டனில் ஷெஃபீல்டிலிருந்து இயங்கும் திட்டம், ஒரே வகை ஸ்ட்ரிப் பயன்படுத்துகிறவர்களின் நடு எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகிய மையத்தை ஒத்துவராதது என்று குறிக்கிறது. அடுத்தடுத்து விலகினால் காரணம் கேட்கிறது. இந்த முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. அனுப்பப்படுவது உறைய வைத்து உலர்த்திய பிளாஸ்மா, ரத்தம் இல்லை. சிவப்பணு இல்லாத அந்தத் திரவத்தை ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். அதனால்தான் ஒரே ஸ்ட்ரிப் கூட்டத்துக்குள் மட்டும் ஒப்பிடுகிறார்கள். கூட்டமே சேர்ந்து வழுக்கினால் இந்த ஏற்பாட்டின் கண்ணில் எளிதில் படாது.

இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டங்களில் ரத்த உறைவுப் பரிசோதனைகளும் உண்டு. பல மாநில ஆய்வகங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் சேர்வதும், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வாங்குவதும் பெரும்பாலும் ஆய்வகத்தின் விருப்பம். அந்த வலைக்கு வெளியே நிற்பவை கிளினிக் மேசைக் கருவியும், வார்டு மூலையிலிருக்கும் கண்ணாடிக் குழாயும். பாம்புக்கடி வார்டுகளுக்கென்று ஒரு தரத் திட்டம் வகுக்க வேண்டுமென்றால் அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மருத்துவமனைக்கு ஒரே வகைக் கண்ணாடிக் குழாய், சுவரில் ஒரு கடிகாரம், ஓர் ஒப்பீட்டு ரத்தம், செவிலியருக்கு ஆண்டுக்கொரு பயிற்சி. விஷமுறிவு மருந்துக்குப் பிறகு கல்லீரல் போதிய ஃபைப்ரினோஜெனை மீண்டும் உண்டாக்கச் சுமார் 6 மணி நேரம் ஆகும். ஆகவே 6 மணிக்கொரு முறை சோதனையைத் திரும்பச் செய்து, நேரம் போட்டு எழுதிவைக்கும் ஒரு தாளும் வேண்டும். மாவட்ட அளவில் இதை நாளைக்கே தொடங்கலாம். தொடங்காமலிருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை.

வார்ஃபரினோ அதே வகை மாத்திரையான அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வீட்டில் கருவி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போங்கள். கையில் ரத்தம் எடுத்த அதே நேரத்தில் விரலிலும் குத்திப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் 0.5-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி 4.5-க்கு மேல் காட்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எண்ணை ஆய்வகத்திலும் ஒரு முறை உறுதி செய்யச் சொல்லுங்கள். கிளினிக்கில் விரல் குத்திப் பார்த்தால், இந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அதற்கு ஒரு நோட்டைத் திறந்து தேதியைக் காட்டினால் நம்பலாம். காட்ட முடியாவிட்டால், மாத்திரையின் அளவை மாற்றுவதற்கு முன் ஆய்வகத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.